சாம்பிளுக்குப் போன டிஸ்ட்ரிபியூட்டர்

"சாம்பிள் இல்லாம பார்ட்டு கேக்காத." மேற்குத் தாம்பரத்தில் ஜமால் பாய் ஷெட்டில் இதுதான் சட்டம். பழுதான உறுப்பைக் கழற்று, துடை, அதையே கொண்டுபோய்க் கடைக்காரன் மேஜையில் வை, இதே மாதிரி ஒன்று கொடு என்று கேள். நம்பர் சொல்லிக் கேட்பது, படம் வரைந்து கேட்பது, கையால் அளவு காட்டிக் கேட்பது எதுவும் பாய்க்கு ஆகாது. "பொண்ணு பாக்கப் போனவன் தெருப் பேர மட்டும் பாத்துட்டு வந்துடுவானாடா?" என்பார்.

இப்போது என் மருமகன் கூடுவாஞ்சேரியில் சொந்தமாக ஷெட் வைத்திருக்கிறான். போனில் ஒரு படம் எடுக்கிறான், வண்டியின் சேசிஸ் நம்பரைத் தட்டுகிறான், பார்ட் எந்த நாட்டில் இருக்கிறது, என்றைக்கு வரும் என்று எல்லாம் வந்துவிடுகிறது. அவனுடைய மெக்கானிக்குகளுக்கு என்னைக் கண்டால் குஷி. "அப்பல்லாம் ஃபாரின் வண்டிக்கு எப்டி சார் பார்ட்டு வாங்குனீங்க? இன்னாத்த சொல்லிக் கேப்பீங்க?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்கு முன்பே சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் வைத்திருக்கும் பதிலில் சிரிக்க ஒன்றும் இல்லை. அதனால்தான் அவர்களிடம் சொல்லாமல் இங்கே எழுதுகிறேன்.

நான் தொழில் பழகியது பெருங்களத்தூரில் ஒரு லாரி ஷெட்டில். அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அடி, கிரீஸ், மறுபடியும் அடி. கல்யாணம் ஆன கையோடு பாயிடம் வந்து சேர்ந்தேன். முழங்கால் தேய்ந்து வேலையை விடும்வரை வேறு வாசலை மிதிக்கவில்லை.

பாய் ஷெட்டுக்கு வருவதெல்லாம் வெளிநாட்டு வண்டிகள். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள், பாத்திரம் பண்டத்தோடு தாங்கள் ஓட்டிய காரையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். கொண்டுவரும்போது பெருமையாகத்தான் இருக்கும். ஒரு ரப்பர் புஷ் போனால் தெரியும் சேதி. சென்னையில் எந்தக் கடையிலும் கிடைக்காது. அப்போது யாராவது, "தாம்பரத்துல ஒரு பாய் கீறாரு, அவராண்ட போ" என்று அனுப்பிவைப்பார்கள்.

பாய் எப்போதும் வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட லுங்கி. என்ஜினுக்குள் முழங்கை வரை விட்டு எடுப்பார், சட்டையில் ஒரு சொட்டு ஆயில் இருக்காது. எப்படி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வண்டி வந்தால் உடனே பானெட்டைத் திறக்க விடமாட்டார். முதலில் ஓனரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுப்பார். வண்டி என்ன செய்கிறது என்று கேட்பாரே தவிர, என்ன கோளாறு என்று ஒருநாளும் கேட்கமாட்டார். "கோளாறு நாம சொல்லணும்டா. அவரு நடந்தத சொன்னா போதும்." கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிவிடும். என்னை "ஏகா, இன்னாடா பண்ற" என்றால் மனுஷன் சந்தோஷமாக இருக்கிறார் என்று அர்த்தம். "வாங்க ஏகாம்பரம் சார், உக்காருங்க" என்றால் தொலைந்தேன்.

சாம்பிள் சட்டம் சும்மா வந்ததில்லை. நான் சேர்ந்த புதிதில், சானடோரியம் பக்கத்து டாக்டர் ஒருவரின் ஜெர்மன் காருக்கு பிரேக் டிஸ்க் வேண்டியிருந்தது. டாக்டர் படித்தவர், புத்தகத்தைப் பார்த்து நம்பர் எழுதிக் கொடுத்தார். பாயும் சரி என்று விட்டுவிட்டார். வந்த டிஸ்க்கில் ஓட்டை எல்லாம் சரி, விட்டம் சரி, கனம் மட்டும் ஒரு நகக்கண் அளவு அதிகம். உள்ளே போகவில்லை. ஒரே மாடலில் இரண்டு விதமான பிரேக் உண்டாம், புத்தகத்தில் அதைப் பொடி எழுத்தில் போட்டிருந்தான். அந்தத் தீபாவளிக்கு டாக்டர் குடும்பம் பஸ்ஸில் ஊருக்குப் போயிற்று. பழைய டிஸ்க்கையே அனுப்பியபோது சரியானது வந்து சேர்ந்தது. அதன்பிறகு பாய் எதற்கும் நம்பர் கேட்டதில்லை. நாங்களும் எழுதிவைத்ததில்லை. உறுப்பே போகும்போது நம்பர் எதற்கு?

உறுப்பை எடுத்துப்போவது அப்பாஸ். பாயின் மச்சினன் வழியில் சொந்தம். 'குருவி' என்று சொல்வார்களே, சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் சாமான் சுமந்துகொண்டு போய்வருகிறவர்கள், அந்த வேலை. போகும்போது புடவை, பலகாரம், அப்பளம். வரும்போது எலக்ட்ரானிக் சாமான், சென்ட் பாட்டில், சாக்லேட். அதோடு எங்கள் பார்ட்டும் வரும். ஒல்லியான ஆள், சாதுவான முகம், கூட்டத்தில் நின்றால் கண்ணில் படமாட்டான். அந்தத் தொழிலுக்கு அதுதான் மூலதனம். பெட்டியைத் திறந்து பார்க்கும் அதிகாரிக்கு அவன் முகம் ஞாபகம் இருக்கக் கூடாது. அத்தனை வருஷத்தில் எங்கள் உறுப்பு ஒன்றைக்கூட அவன் தொலைத்ததில்லை.

இப்போது தணிகாசலம் அண்ணனுக்கு வருகிறேன்.

ஊரப்பாக்கத்துக்காரர். அவர்கள் குடும்பத்து நிலம் ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டி இருந்தது. பிளாட் போடுகிறவர்கள் வந்து வாங்கிக்கொண்டபோது அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் பங்கு பிரிந்தது. பெரியவர் கல்யாண மண்டபம் கட்டினார். சின்னவர் ரோட்டோரமாக வரிசையாகக் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டார். நடுவில் பிறந்த இவர், இருக்க ஒரு வீடு கட்டியது போக மிச்சத்தில், சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒரு என்ஜினியரிடம் ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். இரண்டே கதவு, கருநீலம், டர்போ என்ஜின். பின்சீட்டில் ஒரு மூட்டை அரிசி வைக்க இடமில்லை. சொந்தக்காரர்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"மண்டபம் வாடக குடுக்குது, கட வாடக குடுக்குது, உன் வண்டி இன்னாண்ணா குடுக்குது?" என்று தம்பி கேட்டாராம். "காத்து குடுக்குதுடா" என்றாராம் இவர். இதை எங்களிடம் சொல்லிவிட்டு அவரே ஷெட் அதிரச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்று, "மெய்யாலுமே சொல்றேன் பாய், எங்கப்பன் நெலத்துல எனக்குன்னு மிச்சம் கீறது இந்த வண்டிதான். இது ஓடலன்னா நான் ஏமாந்தவன்னு ஆயிடும்" என்றார். 

பணம் வந்துவிட்டதே என்று வண்டி வாங்கிய ஆள் இல்லை அவர். டிராக்டர் ஓட்டி வளர்ந்த கை. ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து போனேன். மூன்றாவதிலிருந்து நாலாவதுக்கு எப்போது மாற்றினார் என்றே தெரியவில்லை, என்ஜின் சத்தத்தில்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியலில் கிளம்பிச் செங்கல்பட்டு வரை போய்த் திரும்புவார். அப்படியே எங்கள் ஷெட்டுக்கு வந்து வண்டி எப்படி ஓடியது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார். அவர் மனைவி வசந்தா அக்கா, "கோயிலுக்குப் போறவரு பிரசாதம் கொண்டாருவாரு, இவரு பெட்ரோல் நாத்தம் கொண்டாராரு" என்பார். சொன்னாலும் டவலும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துவைப்பது அக்காதான்.

அந்த டவலுக்குத்தான் பின்னால் வேறு வேலை வந்தது. வண்டி வந்து இரண்டாம் கோடையில், வெயில் ஏறிவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜின் பட்டென்று நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறினால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். பொத்தேரி தாண்டி ஒருமுறை நடுரோட்டில் நின்று, பின்னால் வந்த லாரிக்காரன் பரம்பரையையே இழுத்துத் திட்டிவிட்டுப் போனான்.

பாய் வழக்கம்போல டீ கொடுத்து, நடந்ததை முழுக்கக் கேட்டார். அப்புறம் என்னிடம், "ஏகா, நட்ட நடு வெயில்ல ஓட்டு. நிக்கிற வரைக்கும் ஓட்டு. நின்னாத்தான் அது இன்னான்னு சொல்லும்" என்றார். ஒரு வாளி தண்ணீர், பழைய வேட்டித் துணி, இரண்டையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். வண்டலூர் தாண்டி வண்டி நின்றது. முதலில் ஸ்பார்க் வருகிறதா பார்த்தோம், இல்லை. பெட்ரோல் பம்ப் ஓடுகிறதா, ஓடுகிறது. அப்படியானால் கோளாறு பொறி தரும் பக்கம்தான். ஈரத் துணியைப் பிழிந்து முதலில் பொறிக்கு மின்சாரம் ஏற்றும் காயில் மேல் போட்டார். கொஞ்ச நேரம் விட்டு, "அடி" என்றார். சாவியைத் திருப்பினேன், ஒன்றும் இல்லை. துணியை எடுத்துப் பக்கத்தில் உள்ள இக்னிஷன் பெட்டி மேல் போட்டார். இல்லை. கடைசியாக டிஸ்ட்ரிபியூட்டர் மேல் சுற்றினார். திருப்பினேன், உறுமிக்கொண்டு எழுந்தது வண்டி. "பாத்தியா, அதுவே வாயத் தொறந்து சொல்லிடுச்சு" என்று பாய் குழந்தை மாதிரிச் சிரித்தார்.

எந்த சிலிண்டரில் எப்போது பொறி விழ வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பது டிஸ்ட்ரிபியூட்டர். கைக்கு அடக்கமான உருண்டை. இந்த வண்டியில் அதற்குள்ளேயே ஒரு சின்ன சென்சார் இருந்தது. சூடேறினால் அது செத்துவிடும், ஆறினால் பிழைத்துக்கொள்ளும். சென்சார் தனியாகக் கிடைக்காது, டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்ற வேண்டும்.

தணிகாசலம் அண்ணனுக்கு இது தெரிந்ததும் பாதிக் கவலை போய்விட்டது. "அவ்ளோதானா? விடியகாலைல எடுத்தா வெயிலுக்கு முன்னாடி வூட்டுக்கு வந்துடுவேன். நின்னா ஈரத் துண்டு போட்டுக்கறேன். இதுக்குப் போயி பேஜார் பண்ணிக்கினு" என்றார். அப்படியே ஓட்டவும் செய்தார். ஒரு கோடை முழுக்க அப்படித்தான் போயிற்று. அவருக்கு ஒரு குறையும் இல்லை.

குறைப்பட்டது பாய்தான். ஞாயிற்றுக்கிழமை ஷெட் வாசலில் அந்த வண்டி வந்து நிற்கும்போது முன்சீட்டில் கிடக்கும் ஈரத் துண்டைப் பார்ப்பார், முகம் சுருங்கிப்போகும். "என் ஷெட்டு வண்டி, தல மேல துண்ட போட்டுகினு ஓடுது. விடியகாலைல மட்டும் ஓடுறதுக்குப் பேரு வண்டியாடா?" நல்ல மனசோடு சொன்னதுதான். இன்னும் நன்றாகச் செய்துதர வேண்டும் என்ற வெறி. அந்த வெறி இல்லாவிட்டால் அவர் பாயே இல்லை.

அப்பாஸ் அடுத்த முறை கிளம்பும் நாள் தெரிந்ததும் பாய் அண்ணனை வரச்சொன்னார். "கழட்டி அனுப்பிடலாம். பத்து பாஞ்சி நாள்ல புதுசோட வந்துடுவான்."

அண்ணன் தயங்கினார். "ஒண்ணே ஒண்ணுதான கீது பாய். பூட்ச்சுன்னா?"

"எங்க பூடும்? அப்பாஸ் கைல குடுக்குறேன். இதுவரைக்கும் ஒரு நட்டு தொலஞ்சுகீதா? நீயே சொல்லு."

அண்ணன் என்னைப் பார்த்தார். தொலைந்ததில்லை என்பது உண்மை. தலையாட்டினேன். அவரும் சரி என்றார்.

கழற்றும்போது ஒரு முறை உண்டு. உருண்டையின் மேலும் அது உட்காரும் என்ஜின் தலைப்பகுதியின் மேலும் சேர்த்து ஒரு கோடு கீறவேண்டும். திரும்ப மாட்டும்போது கோடும் கோடும் ஒன்று சேர்ந்தால்தான் பொறி சரியான நேரத்தில் விழும். கீறினேன். வயர்களை மடித்துக் கட்டி, பஞ்சு சுற்றி, பிஸ்கட் டின்னில் வைத்தேன். பாய் மூடியை அழுத்தி மூடினார். உருண்டையின் வயிற்றில் தகட்டில் நம்பர் பொறித்திருந்தது. அதைப் பார்த்தோம், படிக்கக்கூட இல்லை. எழுதிவைக்க வேண்டும் என்று அந்த ஷெட்டில் யாருக்கும் தோன்றியிருக்காது.

அப்பாஸ் திரும்பிவந்த அன்று நான் ஒரு கியர் பாக்ஸுக்கு அடியில் படுத்திருந்தேன். அவன் செருப்பு வாசலிலேயே நின்றது. வழக்கமாக "பாய், சாக்லேட்டு" என்று கத்திக்கொண்டு வருகிறவன். வெளியே வந்து பார்த்தால் அழுதுகொண்டிருந்தான்.

போகும்போது பெரிய பெட்டியில் புடவை கனம் அதிகமாகிவிட்டதால் டின்னைக் கைப்பையில் வைத்திருக்கிறான். சென்னை ஏர்போர்ட்டிலேயே, அவனுக்கு முன்னால் நின்றவனின் பையை அன்றைக்கு ஒன்றுவிடாமல் கொட்டிச் சோதித்திருக்கிறார்கள். இவன் பை மெஷினில் போனதும் திரையில் உருண்டையும் வயரும் தெரிந்திருக்கிறது. திறக்கச் சொன்னார்கள். கார் பார்ட் என்று சொன்னான். அதிகாரி சத்தம்கூடப் போடவில்லை. கையில் கொண்டுபோகக் கூடாது, வழியனுப்ப வந்தவர்கள் யாராவது இருந்தால் கொடுத்துவிடு, இல்லாவிட்டால் அதில் போடு என்று மூலையிலிருந்த தொட்டியைக் காட்டினார். அப்பாஸை வழியனுப்ப யார் வருவார்கள்? மாசா மாசம் போகிறவன். பெரிய பெட்டி ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. பின்னால் வரிசை நிற்கிறது, அதிகாரி இவன் முகத்தையே பார்க்கிறார்.

"வாதாட பயமா கீது பாய்," என்றான். "மொகத்த நல்லா பாத்துட்டான்னா ஒவ்வொரு தபாவும் என்னத்தான் புடிப்பான். என் பொழப்பே பூடும். நானே போட்டேன் பாய். என் கையால போட்டேன்."

சிங்கப்பூரில் இரண்டு நாள் பழைய சாமான் கடைகளில் அலைந்திருக்கிறான். கையால் உருட்டிக் காட்டி, வாயால் சொல்லி, கடைசியில் ஒன்றை வாங்கிக்கொண்டும் வந்திருந்தான். "சேருமா பாய்?" என்று அதை மேஜையில் வைத்தான். பார்த்தவுடனே தெரிந்தது, சேராது. என்ஜினின் கேம் ஷாஃப்டோடு கோத்துக்கொள்ளும் இடம் வேறு மாதிரி. பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உக்காருங்க அப்பாஸ்" என்று மரியாதையாகச் சொல்லப்போகிறார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவர், "சாப்டியாடா?" என்றார்.

மறுநாள் காலை பாயும் நானும் ரயிலேறித் திரிசூலத்தில் இறங்கி ஏர்போர்ட்டுக்குப் போனோம். தொட்டியில் போட்டுப் பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. இது பைத்தியக்காரத்தனம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கேட்ட இடத்தில் ஒருவர் பொறுமையாகவே பதில் சொன்னார், அதெல்லாம் அன்றன்றைக்கே போய்விடும் என்று. பாய் அந்தக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே விட்டிருந்தால் குப்பையைக் கிளறியிருப்பார், சத்தியமாக.

ஊரப்பாக்கம் போய் அண்ணனிடம் பாயே சொன்னார். நான் கூட இருந்தேன். என் தொழில் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான அரை மணி நேரம் வேறு கிடையாது. அண்ணன் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாய் சொல்லி முடித்ததும் வசந்தா அக்காதான், "ஐயையோ, நல்லா ஓடிகினு இருந்துதே" என்றார். அண்ணன் அக்காவைக் கையமர்த்திவிட்டு, "வேணும்னு பண்ணாரா அவரு? வேற ஒண்ணு கெடைக்காமலா பூடும்" என்றார். ஆனால் எங்களை வழியனுப்ப வாசல்வரை வந்தவர், காலியாகக் கிடந்த போர்ட்டிகோவைப் பார்த்து, "காலைல போய் வந்தது போதும்தான் பாய் எனக்கு" என்று சொல்லிவிட்டார். குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் பாய் அதை மறக்கவே இல்லை.

அப்புறம் தேடினோம். புதுப்பேட்டையில் ஏறாத கடை இல்லை. எல்லோரும் கேட்டது ஒன்றையேதான்: சாம்பிள் எங்கே? இல்லையா, நம்பராவது சொல்லு. எங்களிடம் இரண்டும் இல்லை. மாடல் பெயரைச் சொன்னால், அதில் எந்த விதம் என்று கேட்டார்கள். எத்தனை வருஷம் நாங்கள் மற்றவர்களைப் பார்த்துச் சொன்ன வசனம் அது! இன்னொரு வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டரைத் தட்டிக் கொட்டி மாட்டிப் பார்த்தோம், என்ஜின் இருமியதே தவிர எழவில்லை.

வண்டி ஷெட்டின் பின்மூலையில் நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் ரயிலில் வருவார். கதவைத் திறந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்காருவார், கியரை மேலும் கீழும் போட்டுப் பார்ப்பார், என்னிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார். பாய் அந்த நேரத்தில் மசூதிப் பக்கமோ டீக்கடைப் பக்கமோ நழுவிவிடுவார். அண்ணனின் தம்பி ஒருநாள் ஷெட்டுக்கே வந்து, "இத்த எடைக்குப் போட்டா இன்னா தேறும்?" என்று கேட்டார். என் கையில் ஸ்பானர் இருந்தது. அதற்குமேல் சொல்ல விரும்பவில்லை.

இரண்டு மழைக்காலம் போயிற்று. அண்ணன் வருவது குறைந்தது. வந்தபோது ஒருமுறை, "கண்ணு முன்னால பூச்சி பறக்குது ஏகா, ரத்தத்துல சக்கர ஏறிகீதாம்" என்றார். பாருங்கண்ணா, டாக்டரிடம் காட்டுங்கண்ணா என்றேன். காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார். வண்டிக்குள் உட்கார்ந்து ஸ்பீடோமீட்டரைக் குனிந்து குனிந்து பார்த்தார். தூசி படிந்திருக்கிறது என்று நினைத்துக் கண்ணாடியைத் துடைத்துவிட்டேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் வருஷம் ஒரு வாடிக்கையாளர் சொல்லித் தெரிந்தது, பெங்களூரில் ஒருவரிடம் அதே மாடல் வண்டி ஒன்று இருக்கிறது. பாய் அன்றைக்கே பஸ் ஏறலாம் என்றார். அந்த ஓனர் நல்ல மனிதர். ஆனால் கழற்றிக் கொடுக்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பாய், "வேணாம் சார், கழட்டவே வேணாம். தூரத்துலருந்தே பாத்துக்கறேன்" என்றார். சாம்பிள் சாம்பிள் என்று என் காதைத் துளைத்த மனுஷன்! டார்ச் அடித்து, கண்ணாடியை உள்ளே விட்டு, உருண்டையின் வயிற்றிலிருந்த நம்பரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். அந்த வீட்டுக்காரர் பேப்பர் நீட்டினார். "பேப்பரு தொலஞ்சிடும்" என்று என் இடது கையைப் பிடித்து இழுத்து உள்ளங்கையில் பேனாவால் எழுதினார். அவர் கையில் எழுத முடியாது, தொழுகைக்குக் கை கழுவ வேண்டும். ஊர் வந்து சேரும்வரை என்னை அந்தக் கையில் எதையும் தொட விடவில்லை. பஸ் நின்ற இடத்தில் எல்லாம் கையை விரிக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

நம்பரைக் கொடுத்ததும் அப்பாஸ் அதைச் சிங்கப்பூர்க் கடையில் சொல்லி, கடைக்காரன் ஜப்பானுக்கு எழுதி, சில மாதம் கழித்துப் பார்ட் வந்தது. இந்த முறை அதற்காகவே ஒரு பெரிய பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தான். மாட்டினேன். பழைய உருண்டையில் நான் கீறிய பாதிக் கோடு தொட்டியோடு போய்விட்டதே, அதனால் விளக்கு வைத்து, பொறி விழும் டைமிங்கைப் புதிதாகப் பிடிக்க வேண்டியிருந்தது. சாவியைத் திருப்பினேன். மூன்று வருஷம் நின்ற வண்டி, முக்கி முனகிப் புகையைக் கக்கிவிட்டு, எழுந்து பாட ஆரம்பித்தது. பாய் அந்தச் சத்தத்தில் லுங்கி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உடனே போன் போட்டார். அண்ணன், "அப்டியா? சோக்கு பாய். ஏகாவையே எடுத்தாரச் சொல்லேன்" என்றார். வந்து எடுத்துக்கொண்டு போகிறேன் என்று ஏன் சொல்லவில்லை என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

மறுநாள் உச்சி வெயிலில், வேண்டுமென்றேதான், ஊரப்பாக்கத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். வண்டி ஓர் இடத்தில்கூடத் தயங்கவில்லை. கேட்டுக்கு வெளியே ஒரு முறை ஆக்சிலரேட்டரைக் கொடுத்தேன். அண்ணன் வந்தார். ஒரு கை சுவரைத் தடவிக்கொண்டே வந்தது. பின்னால் வசந்தா அக்கா. அக்கா என்னைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டு இல்லை என்பதுபோலத் தலையை ஆட்டினார். வண்டியிலிருந்து இறங்கினேன்.

"சக்கர கண்ணுக்குப் பூட்ச்சுடா," என்றார் அண்ணன். "லேசர் எல்லாம் வெச்சு பாத்தாங்க. ஆளு தெரியுது, மூஞ்சி தெரியல." பானெட்டைத் தடவிக்கொண்டே முன்பக்கமாகச் சுற்றி வந்து, டிரைவர் கதவைத் தொட்டு, அதைத் தாண்டாமல் அப்படியே நின்றார். பிறகு மறுபடி சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் ஏறினார். "நீ ஓட்டு ஏகா. நான் பக்கத்துல குந்திக்கறேன்."

செங்கல்பட்டுப் பக்கம் திருப்பினேன். கூடுவாஞ்சேரி நெரிசலைத் தாண்டியதும் ரோடு கிடைத்தது. "ம், குடு" என்றார். கொடுத்தேன். டர்போ விசிலடித்தது. என் கால் கிளட்ச்சுக்குப் போகும்போதெல்லாம் அவர் இடது காலும் வெறும் தரையை மிதித்தது. ஓர் இடத்தில் கியர் மாற்ற நான் தாமதித்தபோது, "மூணுலயே இன்னாத்த இழுக்கற, போடு நாலு" என்று அதட்டினார். நான் சிரித்துவிட்டேன். பிழைத்தோம், மனுஷனுக்குச் சந்தோஷம்தான் என்று நினைத்தேன். மறைமலைநகர் வந்தது. அவர் கால் நின்றிருந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"திருப்பிடு ஏகா," என்றார்.

"ஏண்ணா, எதுனா சத்தம் கேக்குதா?"

"வண்டி சோக்கா கீது. ஒரு கொறையும் இல்ல." கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னார்: "அது நின்னுகினு கெடந்த வரைக்கும், வண்டிதான் ஓடல, அதான் நான் ஓட்டலன்னு நெனச்சுகினு இருந்தேன்டா. இப்ப அந்த நெனப்பும் இல்லாம பூட்ச்சு."

இண்டிகேட்டரைப் போட்டு, எதிரே வந்த பஸ் போகும்வரை காத்திருந்து, வண்டியை ஊரப்பாக்கத்துக்குத் திருப்பினேன்.